தலை தாழாத ஒன்று

நாலரைக் கிலோ, கமராவும் லென்ஸும் சேர்த்து.
வெள்ளவத்தைச் சந்தையில் மீன் தராசில் வைத்துப் பார்த்தேன்.
பாரை வெட்டிக்கொண்டிருந்தவர் சிரித்தார்:
"செதில் இல்லை, குடல் இல்லை,
கழிவு போகாத நிறை, மிஸ்."

மொட்டை மாடியில் நின்று
தொடுவானத்துக் கப்பல்களைப் படம் எடுப்பவள் நான்.
பழைய முக்காலிக்குப் பந்துத் தலை.
திருகை எவ்வளவு இறுக்கினாலும்
கையை எடுத்ததும் லென்ஸின் மூக்கு
தூக்கம் வந்த பிள்ளைபோல் சரியும்.
அப்போது கப்பல் மூழ்கும் என்றுதான் நினைப்பீர்கள்.
இல்லை, மேலே எழும்.
கட்டம் முழுக்கத் தண்ணீர் நிரம்பி
உச்சி விளிம்பில் சிவப்பு அடிவயிறு மட்டும்
ஒரு கணம் தொங்கி, பிறகு அதுவும் இல்லை.
இரண்டு வருடம்
பறந்துபோன கப்பல்களைச் சேர்த்து வைத்திருந்தேன்.

கொள்ளுப்பிட்டியில், லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி.
ஜவ்ஸி நானா பெட்டியைத் திருப்பிக் காட்டினார்:
"பதினஞ்சு கிலோ தாங்கும், போட்டிருக்கு பாருங்க."
"பெட்டி தாங்கும் நானா. கால் தாங்குமா?"
என் லென்ஸையே ஏற்றினேன்.
ஜன்னல் வழியே, தெருவுக்கு அந்தப் பக்கம்,
வங்கிப் பலகையின் கடைசி எழுத்தில் குறிவைத்து
மூக்கில் ஒரு சுண்டு.
எழுத்து நடுங்கி நிற்கும்வரை எண்ணினேன்.
முதலாவது முக்காலி: ஏழு.
அடுத்தது, கால் தடித்தது: மூன்று.
அதன் நடுத்தண்டை உயர்த்தியதும் மறுபடி ஆறு.
தண்டை இறக்கிவிட்டேன்.
உயரம் வேண்டுமென்றால் காலில் வாங்கவேண்டும்,
கழுத்தில் அல்ல.

பிறகு கிம்பல் தலை.
ஒற்றைக் கை ஊஞ்சல், அவ்வளவுதான்.
தட்டில் லென்ஸை முன்னே கொஞ்சம்,
பின்னே அரை விரல்,
திரும்ப ஒரு நெல்மணி முன்னே.
கையை எடுத்தேன்.
நின்றது.
மேலே விட்டால் மேலே, கீழே விட்டால் கீழே,
எதையும் இறுக்காமலே.
நாலரைக் கிலோ எங்கே போனது?
ஜவ்ஸி நானா தேத்தண்ணிக்கு ஆள் அனுப்பினார்.
விலையை அதற்குப் பிறகுதான் சொன்னார்.

பிரிட்ஜுக்குச் சேர்த்த காசு.
பால்மாவுக்கு பிரிட்ஜ் தேவையில்லை.

ஐந்தாம் மாடி மரியகொறற்றி
விடியமுன் தலைமுடியைக்கூடக் கட்டாமல் மேலே வந்தாள்.
சந்தியோகுவின் கப்பல்
துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டுப் பதினொரு நாள்.
இறங்க அனுமதி இல்லை.
நேற்றிரவு சிக்னல் கிடைத்த ஒரு நிமிடத்தில் கேட்டாராம்:
"கரை முழுக்க லைட். எது எங்கட?"

ஒரு காலைக் கடலை நோக்கி நீட்டினேன்.
மற்ற இரண்டுக்கும் நடுவில் நான்.
கொக்கியில் பை, பைக்குள் இரண்டு செங்கல்.
காற்றுக்கு அது போதும்.
ரயிலுக்குப் போதாது:
காலிப் பக்கம் போகும் வண்டி அடியில் கடந்தால்
கட்டடமே அதிரும்,
எந்த முக்காலியும் அதற்குப் பதில் சொல்லாது.
கடைசிப் பெட்டி போகட்டும் என்று நின்றோம்.

திரையில் கப்பல் வந்தது. அசையவில்லை.
பின்தளத்தில், கயிற்றுச் சுருளுக்குப் பக்கத்தில்
செம்மஞ்சள் உடுப்பு, ஒரு எள் அளவு.
பெரிதாக்கினேன். எள், ஒரு அரிசி ஆனது.
அவள் நகத்தை அதன்மேல் வைத்தாள், எடுத்தாள்.
"இது இடுப்பில கை வச்சு நிக்குது.
அவர் அப்பிடி நிக்கிற ஆளில்லை."
ஆனால் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"விட்டா விழாதோ?"
"விழாது. தள்ளிப் பாருங்க."
ஒரு விரலால் தள்ளினாள்.
லென்ஸ் சத்தமில்லாமல் வடக்கே திரும்பி
அவள் விட்ட இடத்தில் நின்றது.
அங்கே வேறொரு கப்பல்.
அதில் வேறு யாரோ ஒருவர்
துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.
வெயில் ஏறி, காற்று கொதித்து,
அவர் உருகிக் கலங்கும்வரை
அவரையும் பார்த்தோம்.